முப்பத்துமூன்றில் ஒரு தடவை, நாற்பத்தைந்தில் ஒரு தடவை

வெள்ளி, 24 ஒக்ரோபர்

மழை. காற்று வேறு. பால்கனியில் காயப்போட்ட போர்வை பறந்து போய்க் கீழ்வீட்டுக்காரரின் சைக்கிளில். மீட்டாயிற்று.

செய்ய வேண்டியவை:
– லீக்ஸ், பருப்பு, இவருக்கு மாத்திரை.
– காருக்குக் குளிர்கால ரயர். இவர் ஞாயிறு சில்க்போர்க் போகிறார், அங்கே ஒரு சிநேகிதர் மாற்றித் தருவாராம்.
– தமிழ்ச் சங்க மடலுக்கு என் இசைப் பத்தி, "ஒரு புதுசு, ஒரு பழசு". ஞாயிறு பின்னேரத்துக்குள்.

செ.மா. காலையிலேயே போன். செல்வம் மாஸ்டர் மடலுக்கு ஆசிரியராகி ஒன்பது வருடம். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், இந்த டேனிஷ் ஊர் ஹேர்னிங் முழுவதையும் இன்னும் எட்டாம் வகுப்பு என்றே நினைக்கிறார்.

"யோகம், பாசல் வந்ததோ? அல்பர்ட்ஸ்லுண்டிலை இருந்து. புது வெளியீடு. நல்லதா நாலு வரி எழுதும்."

"நல்லதா இருந்தா எழுதுவன்."

"நீர் எழுதினா நல்லதுதானே."

இந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு கிழமை சீவிப்பேன். வீட்டில் யாரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்பதில்லை. சங்கத்தில் கேட்கிறார்கள். "யோகக்கா சொன்னாச் சரி" என்று கடையில் ஒரு பெண் சொன்னதை இவருக்கு மூன்று தரம் சொல்லிவிட்டேன்.

பாசல் பீட்சாப் பெட்டி அளவு. உள்ளே இசைத்தட்டு! பெரிய, கறுத்த, அசல் தட்டு. இப்போது திரும்பவும் இதுதான் நாகரிகமாம். உறையில் ஆள் படம் இல்லை. கொடியில் தொங்கும் ஒரு சோடிக் கம்பளிக் காலுறை, நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர். பெயர் "ஈரக் கம்பளி". பாடியவர்: கதிர். அவ்வளவுதான். பாட்டு வரிகள் அச்சடித்த தாள் இல்லை.

தாள் இல்லாமல் நான் எப்படி எழுதுவது?

சனி, 25 ஒக்ரோபர்

மழை விட்டது. மேலே எழுதிய கடைசி வரியை வாசித்தேன். இந்தக் கொப்பியை யாரும் பார்ப்பதில்லை, எழுதிவிடுகிறேன்.

எனக்குக் காது கேட்கவில்லை.

செவிடு இல்லை. கதவு அடிபட்டால் கேட்கும். லொறி கேட்கும். இவர் கனைத்தால் கேட்கும். மேல் சுருதிச் சத்தங்கள்தான் ஒவ்வொன்றாய்ப் போயின: முதலில் குருவி, பிறகு மைக்ரோவேவ், பிறகு பொம்பிளைப் பிள்ளைகளின் குரல். பாட்டில் தாளம் கிடைக்கும், சொல் கிடைக்காது.

நெசவுக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம். காதடைப்பான் தந்தார்கள். நல்ல சாமான், மஞ்சள் நிறம். ஆனால் அதைப் போட்டால் பக்கத்துத் தறியில் நிற்கிறவளோடு கதைக்க முடியாது. எட்டு மணித்தியாலம் கதைக்காமல் எப்படி நிற்பது? நாங்கள் தமிழ்ப் பெண்கள் ஐந்து பேரும் கழற்றிக் கழுத்தில் மாலை போலப் போட்டுக்கொண்டு, தறிக்கு மேலால் கத்திக் கத்தி ஊர்க்கதை கதைத்தோம். மேற்பார்வையாளர் வந்தால் மட்டும் காதில். எல்லாக் கலியாணமும் எல்லாச் சண்டையும் அங்கேதான் முடிவாயின.

மூன்று வருடமாய் எழுதும் முறை: வரித்தாளை வாசிப்பேன். ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கை வைப்பேன். இவரிடம் "நல்லதோ?" என்று கேட்பேன். இவர் "ம்" என்பார். எழுதுவேன். பழசுக்கு இந்த வில்லங்கம் இல்லை. பழசெல்லாம் மனப்பாடம், ஊசி வைக்க முதலே உள்ளே பாடத் தொடங்கிவிடும்.

இந்த வருடத்துப் பொய்கள்:
– மே: "புல்லாங்குழல் நெஞ்சை வருடுகிறது." அந்த அல்பத்தில் புல்லாங்குழலே இல்லை.
– ஓகஸ்ட்: "தொடக்கத்தில் வரும் மென்மையான தாளம்." அது எங்கள் வோஷிங் மெஷின்.
– செப்ரெம்பர்: "குழந்தைக் குரலில் கள்ளமில்லை." பாடியவருக்கு மீசை.

ஒருவர்கூட முறையிடவில்லை. ஆறுதலாகவும் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. அப்படியென்றால் நான் சொன்ன ஒன்றையும் ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லை.

ஞாயிறு, 26 ஒக்ரோபர்

நேரம் மாறிய நாள். அடுப்பு மணிக்கூட்டை மாற்றத் தெரியவில்லை, அது கோடைகாலத்திலேயே நிற்கட்டும்.

இவர் எட்டு மணிக்கே சில்க்போர்க் போய்விட்டார். "ம்" சொல்ல ஆள் இல்லை. சரி, கையை வைத்தாவது பார்ப்போம் என்று தட்டைப் போட்டேன். பிளேயர் பழைய சாமான் கடையில் வாங்கியது. கை பட்டு ஏதாவது மாறிவிடும் என்று இவர் குமிழில் ஒட்டிய பிளாஸ்டர் அப்படியே இருக்கிறது. லீக்ஸ் வெட்டிக்கொண்டே கேட்டேன்.

கேட்டேன்!

ஒரு ஆணின் குரல். ஆழமான, களைத்த, அவசரமில்லாத குரல். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாய் வந்து காதில் இருந்தது. ஈரக் காலுறையோடு வேலைக்குப் போன ஒருவரின் பாட்டு. மாடிவீட்டு நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் அறை, காயவைக்கும் மெஷினில் வேறு யாருடையதோ உடுப்பு, பஸ்ஸுக்கு ஆறு நிமிடம். அவ்வளவுதான் கதை. ஆறு நிமிடத்தை அந்த மனிதர் ஆறு வருடம் போலப் பாடுகிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முதலில் லீக்ஸ் என்று நினைத்தேன். லீக்ஸ் வெங்காயத்தின் உறவு என்றாலும் அதற்குக் கண் எரிவதில்லை.

இரண்டு பக்கமும் கேட்டேன். திருப்பியும் கேட்டேன். மத்தியானச் சாப்பாடு இல்லை. இவர் வந்து பாணில் பட்டர் பூசிச் சாப்பிட்டார்.

ஒரே இருப்பில் எழுதி அனுப்பியது (பிரதி):

"புதுசு: ஈரக் கம்பளி. இந்தப் பாடகருக்கு ஐம்பத்தைந்து வயதுக்குக் குறையாது. நிறையச் சுமந்து, நிறைய நடந்து, இப்போதுதான் கதிரையில் இருந்து வாய் திறக்கிறார். பிள்ளைகள் மூச்சு விடாமல் ஓடிப் பாடும் இந்தக் காலத்தில் கதிர் ஐயாவுக்கு ஒரு அவசரமும் இல்லை. பழசு: என்னிடமுள்ள நீல உறை நாதஸ்வரத் தட்டு. இருபது வருடமாக அதற்குப் பக்கத்தில் வைக்க ஒரு புதுசைத் தேடினேன். கிடைத்துவிட்டது."

மூன்று வருடத்தில் முதல் உண்மை.

சனி, 1 நவம்பர்

மடல் வெளியாகிவிட்டது. போன் ஓயவில்லை. பாராட்டு எல்லாம் எனக்கு. தட்டைக் கேட்டவர்கள்: பூச்சியம். யாரிடமும் பிளேயர் இல்லை.

செ.மா. புல்லரித்துப் போய் நிற்கிறார்.

"யோகம், ஐயாவை இஞ்சை கூப்பிடுறம். பதினைஞ்சாம் திகதி, மண்டபம் எடுத்தாச்சு. ஹேர்னிங்கிலை வெளியீட்டு விழா. நீர்தான் மதிப்புரை."

"அவரோடை கதைச்சியளோ?"

"ஈமெயில் போட்டனான். 'ஓகே' எண்டு ஒரு சொல்லு வந்தது. பெரிய மனிசர், கனக்கக் கதைக்க மாட்டார்."

பொன்னாடை, மாலை, மரத்தில் செதுக்கிய விருது. பட்டம்: "முதுபெரும் பாடகர்". எங்கள் ஆட்களுக்குப் பட்டம் கொடுக்காமல் ஒருவரை மேடையில் இருத்தத் தெரியாது. போன வருடம் வடை போட்டவருக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

சேலை: பச்சை. சட்டை இறுக்கம். இரண்டு கிழமை இருக்கிறது.

ஞாயிறு, 2 நவம்பர்

பனிப்புகார். எதிர்வீடு தெரியவில்லை.

மகள் தர்ஷி ஓர்ஹூஸிலிருந்து வந்தாள். என்னை அம்மா என்பதில்லை, டேனிஷில் "மோர்" என்றுதான் கூப்பிடுவாள். ஆசையாய்த் தட்டைப் போட்டுக் காட்டினேன். அரை நிமிடம் கேட்டாள். பிளேயருக்குப் பக்கத்தில் குனிந்தாள். பிறகு நிலத்தில் இருந்து சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை.

"மோர், இது நிமிசத்துக்கு நாப்பத்தைஞ்சு தரம் சுத்த வேண்டிய தட்டு. நீங்கள் முப்பத்துமூண்டிலை போட்டிருக்கிறீங்கள்!"

தட்டின் நடுவிலேயே எழுதியிருக்கிறது. எறும்பு அளவில். என்னுடைய தட்டுகள் எல்லாம் முப்பத்துமூன்று, நான் எதற்கு அதைப் பார்க்கப் போகிறேன்?

பிளாஸ்டரை உரித்துக் குமிழைத் திருப்பினாள். தட்டு வேகமாய்ச் சுற்றியது. ஐயா போய்விட்டார். அந்த இடத்தில் ஒரு நுளம்பு, மெல்லிய ரீங்காரம்.

"என்ன சொல்லுறார்?" என்று கேட்டேன்.

"யார்?"

"பாடுறவர்."

தர்ஷியின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. பாட்டை நிறுத்திவிட்டு எனக்கு முன்னால் வந்து இருந்தாள். கதிர் ஒரு பொம்பிளைப் பிள்ளை. இருபத்திமூன்று வயது. போனில் படம் காட்டினாள்: கட்டைத் தலைமயிர், மூக்கில் வளையம், சிரிப்பு.

"மோர், உங்களுக்கு எவ்வளவு நாளாக் கேக்கேல்லை?"

"கேக்குதே."

டேனிஷில் ஏதோ சொன்னாள், வாயைக் கையால் மூடிக்கொண்டு. சோதனை. நான் தோற்றேன்.

இவர் கதிரையில் இருந்தபடி "ம்" என்றார். என்ன "ம்"?

பயமாக இருக்கிறது. வெட்கம் இரண்டாவது. மூன்று வருடம் கேட்காமல் எழுதினேன் என்று தெரிந்தால் மடலில் எனக்குத் தருகிற அரைப் பக்கத்தைப் பிடுங்கி யாராவது கீபோர்ட் வாசிக்கிற பொடியனுக்குக் கொடுப்பார்கள். பிறகு யார் என்னிடம் என்ன கேட்கப் போகிறார்கள்? மாத்திரையும் லீக்ஸும்தான் மிச்சம்.

தர்ஷியிடம் வாய் திறக்கக்கூடாது என்று சத்தியம் கேட்டேன். "நை, மோர்" என்றாள், முடியாதாம். காது டொக்டரிடம் வந்தால் யோசிப்பாளாம். மிரட்டல். என் பிள்ளைதான்.

புதன், 5 நவம்பர்

சில்க்போர்க், காது டொக்டர். யாரோ வரவில்லையாம், அந்த இடம் எனக்கு. மழை, புது ரயர் நல்லாய்ப் பிடிக்கிறது.

கண்ணாடிக் கூண்டுக்குள் இருத்தினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அமத்த வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. சும்மா இருந்தால் வெட்கம் என்று, நிதானமான இடைவெளி விட்டு அமத்திக்கொண்டே இருந்தேன். கதவு திறந்தது. இன்னும் தொடங்கவே இல்லையாம்.

முடிவைப் படம் கீறித் தந்தார்கள். கோடு சின்னப் பிள்ளைகளின் சறுக்கு மரம் போல இறங்குகிறது. சோதித்த பெண்:

"நெசவு ஆலையா?"

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். விளங்கிக்கொண்டாள்.

கருவி வர ஒரு மாதத்துக்கு மேல். விழாவுக்கு உதவாது.

வியாழன், 6 நவம்பர்

இன்று இரண்டு போன். இரண்டும் மோசம்.

முதலாவது. பாசலின் முதுகில் இருந்த நம்பருக்கு எடுத்தேன், கதிரிடம் இரகசியமாய் மன்னிப்புக் கேட்டு விடயத்தை அமத்தலாம் என்று. அவளுடைய அப்பா எடுத்தார். பஸ் ஓட்டுகிறவர். நல்ல கனத்த குரல், ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. பிள்ளை மூண்டு வரியமாச் செய்த வேலை. தமிழ் மடலிலை தன்ரை பாட்டைப் பற்றி வந்திருக்கெண்டு ஆசையா வாசிச்சவள். 'அப்பா, அந்த ஆன்ரி ஒரு பாட்டும் கேக்காமல் எழுதியிருக்கிறா' எண்டு ஒரு நாள் முழுக்க அறைக்குள்ளை. பதினைஞ்சாம் திகதி வரமாட்டன் எண்டு நிக்கிறாள்."

அவள் சொன்னது பிழை. மற்ற எல்லா அல்பத்துக்கும் அது சரி, அவளுடையதற்கு மட்டும் பிழை. மூன்று வருடத்தில் நான் கேட்ட ஒரே தட்டு அது. இந்த அநியாயத்தை யாரிடம் சொல்வது?

அப்பாவிடம் சொன்னேன். காது, தறி, பிளாஸ்டர், லீக்ஸ், எல்லாம். மேடையிலும் சொல்வேன் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் "பிள்ளை, இஞ்சை வா" என்று கூப்பிட்டார். பிறகு போனை மகளிடம் கொடுத்தார்.

அதே நுளம்புக் குரல். நீளமாய் ஏதோ கேட்டது. நிறுத்தியது. "ஓம்" என்றேன். இன்னும் கேட்டது. "ஓம் ஓம்." கடைசியில் ஒரு பெரிய கேள்வி, முடிவில் மேலே போனது. "ஓம் பிள்ளை, கட்டாயம்." போன் வைத்தாயிற்று.

எதற்கு ஓம் சொன்னேன்?

இரண்டாவது, செ.மா.:

"மாஸ்டர், கதிர் ஐயா இல்லை. அவ பொம்பிளை."

"பனர் அடிச்சாச்சே!" பெருமூச்சு. "பரவாயில்லை, மேலாலை ஒட்டுவம். நல்ல காலம் சொன்னீர்."

வயதையும் சொல்லத்தான் இருந்தேன். அவர் ஒட்டுகிற அவசரத்தில் வைத்துவிட்டார்.

வெள்ளி, 14 நவம்பர்

உறைபனி. இவர் கார்க் கண்ணாடி சுரண்டுகிறார்.

உரை நாலு தரம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் பழியைப் பிளாஸ்டரில் போட்டேன், ஒன்றில் இவரில். இவரில் போட்டது நல்லாய் வந்தது. கிழிக்க மனமில்லாமல் கிழித்தேன்.

கதிரிடமிருந்து குறுஞ்செய்தி: "நாளைக்கு வாறன். நீங்கள் ஓம் எண்டு சொன்னதுக்கு நன்றி, ஆன்ரி. சந்தோசமா இருக்கு."

எதற்கு என்று எழுதிக் கேட்கக் கை மூன்று தரம் போனது. கேட்டால் அன்றைக்குக் கேட்கவில்லை என்று தெரிந்துவிடும். மேடையில் ஆடச் சொன்னாலும் ஆடத்தான் வேண்டும். பச்சைச் சட்டை தைத்து விட்டாயிற்று.

ஞாயிறு, 16 நவம்பர்

நேற்று நடந்தது. வெயிலாம், நான் பார்க்கவில்லை.

மண்டபம் நிறைந்துவிட்டது. பனர்: "முதுபெரும் பாடகி கதிர் அம்மா". "கி"யும் "அம்மா"வும் வேறு மஞ்சளில். மேடையில் சாய்வுக் கதிரை, முதுகுக்குக் குசன். செ.மா. பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி வாசலில். கதிர் வந்தாள், கட்டைத் தலைமயிர், ஆர்மிக்காரச் சப்பாத்து, கையில் பிளேயர் பெட்டி. செ.மா. அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, அம்மா காரிலையோ? படி ஏறுவாவோ?"

"அம்மா வேலையிலை, அங்கிள். நான்தான் வந்தனான்."

பொன்னாடை கையில் இறங்கிக்கொண்டே போனதைப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள், சிரிப்புப் போய்விட்டது.

ஐந்தாம் தரம் எழுதிய தாளைப் பார்க்கவில்லை. சொன்னது இவ்வளவுதான்:

"பிழை என்னிலை. எனக்குக் காது கேக்கிறேல்லை. மூண்டு வரியமாக் கேக்காமல்தான் எழுதினனான். புல்லாங்குழல் எண்டு எழுதினது பொய். வோஷிங் மெஷினைப் பற்றியும் எழுதியிருக்கிறன். இந்தப் பிள்ளையின்ரை தட்டை மட்டும் கேட்டனான், பிழையான வேகத்திலை. அதிலைதான் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அழுதனான். அது மட்டும் பொய்யில்லை. அரைப் பக்கத்தை வேறை ஆருக்கும் குடுங்கோ."

மண்டபத்தில் சத்தமே இல்லை. அல்லது இருந்தது, எனக்குக் கேட்கவில்லை.

கதிர் மைக்கை வாங்கி என் முகத்தைப் பார்த்து மெல்ல மெல்லச் சொன்னாள், வாயை நல்லாய்த் திறந்து:

"ஆன்ரி போனிலை ஓம் எண்டவ. அவவுக்குக் கேட்ட மாதிரியே ஒருக்காப் பாடுறன். பக்கத்திலை நிப்பா. சொல்லுக் கேக்காட்டிக் கையைத் தூக்குவா, நான் திருப்பிப் பாடுவன்."

அதற்குத்தானா ஓம் சொன்னேன்! எனக்கு உயிர் வந்தது.

பாடினாள். தட்டில்லாமல், வாத்தியமில்லாமல், தொண்டையை இறக்கி, ஒவ்வொரு சொல்லாய். மூன்று தரம் கை தூக்கினேன். மூன்று தரமும் திருப்பினாள். நாலாம் தரம் தூக்கியது கண் துடைக்க. அதற்கும் திருப்பினாள். ஆறு நிமிடப் பாட்டு பதினைந்து நிமிடம் போனது, ஒருவரும் எழும்பவில்லை. இவர் முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு. நித்திரை என்று நினைத்தேன். இல்லை.

செ.மா. கடைசியில் பொன்னாடையை அவளுக்கே போர்த்தினார். முதுபெரும் பட்டத்தையும் கொடுத்துவிட்டார், மரத்தில் செதுக்கியதை வேறு என்ன செய்வது? அவள் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் படம் எடுத்தாள்.

வடை மேசையில் தறிக்கூடத்து நாலு பேரும் ஒவ்வொருவராய், மற்றவர் பார்க்காத நேரம், என் கையைப் பிடித்தார்கள். நாலு பேருக்கும் ஒரே கேள்வி: "அந்தக் காது டொக்டர் சில்க்போர்க்கிலை எவடம்?" இத்தனை வருடமாய்க் கச்சேரியில் பிழையான இடத்தில் கை தட்டியது இவர்கள்தானா!

அரைப் பக்கம்? செ.மா. சொன்னது: "நீர் கேக்காமல் எழுதினதையே சனம் இவ்வளவு வாசிச்சது. இனிக் கேட்டு எழுதும். பக்கம் காணாட்டிக் கூட்டித் தாறன்."

வெள்ளி, 12 டிசம்பர்

மழையும் பனியும் கலந்து. நேற்றுக் கருவி பூட்டினார்கள். அவரைக்கொட்டை அளவு, இரண்டு காதுக்கும்.

சத்தங்கள்: குளிர்ப்பெட்டி. என் செருப்பு. இந்தப் பேனை. மைக்ரோவேவ் கூப்பிடுகிறது, பாவம், இத்தனை நாள் ஆரைக் கூப்பிட்டதோ.

காலையில் இவர் அடுக்களையில் ரீ போடப் போனதும் ஈரக் கம்பளியை எடுத்தேன். நாற்பத்தைந்து. ஊசியை வைத்தேன்.

மெல்லிய குரல், வெடுக்கு வெடுக்கென்று. நான் அழுத இடத்தில் அந்தக் குரங்கு சிரிக்கிறாள்! அது துக்கப் பாட்டே இல்லை. பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டே ஈரக் காலுறையைத் திட்டுகிற பாட்டு. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அந்த ஐயாவும் உள்ளே இருக்கிறார், நான் கேட்டவள், எனக்குத் தெரியும்.

எழுதத் தொடங்கினேன். புதுசு: ஈரக் கம்பளி. நாற்பத்தைந்தில் ஒரு தடவை, முப்பத்துமூன்றில் ஒரு தடவை, இந்த ஒழுங்கில். பழசுக்கு எதை வைப்பது என்று யோசிக்கத் தட்டை நிறுத்தினேன். பாட்டு நிற்கவில்லை.

அடுக்களையிலிருந்து வந்தது. நீல உறை நாதஸ்வரத் தட்டில் இருக்கிற உருப்படி, முதல் பக்கம், இரண்டாவது. வாய்க்குள்ளே, கேத்தலுக்கு மேலால். இவர் பாடுகிறார். அடுத்தது மூன்றாவது. ஒழுங்கு பிழைக்கவில்லை. கதவடியில் போய் நின்றேன்.

"இஞ்சை, எப்ப தொடக்கம் பாடுறியள்?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "எப்பவும் பாடுறனான்தானே. உமக்குக் கேக்கிறேல்லை எண்ட தைரியத்திலைதான் பாடுறனான்."

பழசு: இவர். சுருதி இல்லை. தாளம் கேத்தலின் தயவு. சிபார்சு செய்ய வழியே இல்லை. நாலாவதும் பாடச் சொன்னேன்.